நீலம் போகவில்லை, போன நீலம் திரும்புகிறது: ஈஸ்ட்–மெத்திலீன் புளூ சோதனை படுத்தினால் என்ன பார்ப்பது

செய்முறை நாட்களில் என் மேசைக்கு வருகிற புகார்கள் வருடாவருடம் மாறுவதில்லை. ஒருவர் டெஸ்ட் டியூபைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவார்: "சார், அரை மணி நேரமாச்சு, நீலமாவே இருக்கு." அவருக்குப் பின்னால் நிற்பவர்: "எனக்குப் போயிடுச்சு சார், எடுத்துட்டு வர்றதுக்குள்ள திரும்ப வந்துடுச்சு." மூன்றாமவர் வாயே திறக்கமாட்டார். ஈஸ்ட்டைக் கொதிக்கவைத்துக் கொன்று ஒப்பிடுவதற்காக வைத்த, நீலமாகவே நிற்க வேண்டிய கன்ட்ரோல் குழாயும் வெளுத்துவிட்டிருக்கும். பக்கத்து மேசையில் ஒரு நீலக் குழாயைக் கடன் வாங்கி ஸ்டாண்டில் செருகியிருப்பார்.

சோதனை எளிதுதான். ஈஸ்ட் சர்க்கரையை உடைக்கும்போது எலக்ட்ரான்கள் கழன்று வருகின்றன. கடத்திகள் அவற்றைக் கைமாற்றிக் கைமாற்றி ஆக்சிஜனிடம் சேர்க்கின்றன. மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் நடுவில் புகுந்து கொஞ்சத்தைப் பறிக்கிறது. எலக்ட்ரான் ஏறிய சாயத்துக்கு நிறம் கிடையாது. கான்கிரீட் போடும் இடத்தில் சட்டி கைமாறி மாடிக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே நின்று கொட்டுகிறவர் ஆக்சிஜன், வரிசையில் நிற்கிறவர்கள் கடத்திகள், பக்கவாட்டிலிருந்து கை நீட்டுகிற ஆள் சாயம். குழாய் எப்படிக் கெட்டாலும் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று. கீழே சட்டி நிரப்ப ஆள் இல்லை. அல்லது பக்கவாட்டில் கை நீட்டுகிறவர்கள் கூடிவிட்டார்கள். அல்லது மேலே இருப்பவர் விடாமல் வாங்கிக்கொண்டே இருக்கிறார். கோட்பாடு இவ்வளவு போதும்.

கீழே சொல்வதெல்லாம் இந்த அளவை வைத்து: உலர் ஈஸ்ட் 2 கிராம், சர்க்கரை 2 கிராம், வெதுவெதுப்பான நீர் 100 மி.லி. கலக்கி 15 நிமிடம் வைத்த பிறகு, ஒவ்வொரு குழாய்க்கும் 10 மி.லி. இந்தக் கலவை, அதோடு 0.01 சதவீத மெத்திலீன் புளூ 1 மி.லி. குழாய் 35 டிகிரி நீரில் நிற்க வேண்டும். சாயம் சேர்த்ததும் ஒருமுறை குலுக்கிவிட்டு ஸ்டாண்டில் வைத்துவிட வேண்டும். சில நிமிடங்களில் வெளுக்கும். 10 நிமிடம் தாண்டியும் அப்படியே நின்றால் தேட ஆரம்பிக்கலாம்.

## எந்தப் புகாரானாலும் முதலில் குலுக்குங்கள்

ரப்பர் கார்க்கால் வாயை மூடி 10 விநாடி நன்றாகக் குலுக்குங்கள். வெளுத்த குழாயில் நீலம் திரும்பினால் சாயம் பத்திரமாக இருக்கிறது. எலக்ட்ரான் வாங்கியது, காற்றைக் கண்டதும் கொடுத்துவிட்டது. சோதனை வேலை செய்கிறது என்று பொருள். எவ்வளவு குலுக்கியும் நீலம் திரும்பவில்லை என்றால் சாயமே சிதைந்திருக்கிறது. அடியில் தங்கிய வண்டல் கலங்கி, கலவை மறுபடி நீலமானால் சாயம் வெளுக்கவேயில்லை, கீழே உட்கார்ந்திருந்தது.

இந்தப் 10 விநாடியைச் செலவழிக்காமல் புது ஈஸ்ட் பாக்கெட் வாங்க ஆள் அனுப்பிய நாட்கள் எனக்கு உண்டு.

## அறிகுறி 1: நீலம் போகவே இல்லை

### ஈஸ்ட் கலவையில் நுரையும் இல்லை என்றால்

கோளாறு ஈஸ்ட்டில். பாக்கெட்டில் தேதியைப் பாருங்கள். திறந்து மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த பாக்கெட் என்றால் தேதியையும் நம்ப வேண்டாம். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு 15 நிமிடம் விட்டுப் பாருங்கள். மேலே நுரை கட்டாவிட்டால் அது ஈஸ்ட் இல்லை, வெறும் மாவு.

பாக்கெட் புதிதாக இருந்தும் நுரை வரவில்லை என்றால், ஊற்றிய நீர் எவ்வளவு சூடு என்று மாணவரைக் கேளுங்கள். "வெதுவெதுப்பு" என்று எழுதினால் ஒருவர் டீ குடிக்கிற சூடு என்று எடுத்துக்கொள்வார். 55, 60 டிகிரிக்கு மேல் போனால் ஈஸ்ட் பிழைக்காது. விரலை வைத்தால் சுடக் கூடாது. குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதம் என்று சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஈஸ்ட்டை ஐஸ் நீரில் கலக்கியிருந்தால் செத்திருக்காது, தூங்கும். 35 டிகிரியில் கால் மணி நேரம் விட்டால் எழுந்துவிடும்.

மைக்ராஸ்கோப் இருந்தால் இன்னும் நேரடியான வழி உண்டு. ஒரு துளி ஈஸ்ட் கலவை, ஒரு துளி சாயம், மேலே கவர் ஸ்லிப், 400 மடங்கு. செத்த செல் நீலமாகத் தெரியும். உயிருள்ள செல் உள்ளே வந்த சாயத்துக்கு எலக்ட்ரானை ஏற்றி நிறமில்லாமல் ஆக்கிவிடும், அதனால் வெறுமையாகத் தெரியும். பீர் ஆலைகளில் ஈஸ்ட்டின் உயிர்ப்பை எண்ணிப் பார்ப்பதற்கு நெடுநாளாகப் பயன்பட்ட முறை இது. பார்வைப் பரப்பில் பாதிக்கு மேல் நீலமாக இருந்தால் பாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள்.

### நுரை வருகிறது, நீலம் மட்டும் நிற்கிறது என்றால்

ஈஸ்ட் நன்றாக இருக்கிறது. இப்போது சாயத்தின் அளவு. பெரும்பாலும் யாரோ 1 சதவீத ஸ்டாக் பாட்டிலிலிருந்து நேரடியாக டிராப்பரால் சொட்டியிருப்பார்கள். அது 100 மடங்கு அடர்த்தி. குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள்: வானத்து நீலம் என்றால் சரி, மை நீலம் என்றால் அதிகம். 1 சதவீதக் கரைசலில் 1 மி.லி. எடுத்து நீர் சேர்த்து 100 மி.லி. ஆக்கினால் தேவையான 0.01 வந்துவிடும்.

அடுத்தது, குலுக்கல். ஆர்வக் கோளாறில் மாணவர்கள் நிமிடத்துக்கு ஒருமுறை குழாயை ஆட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு ஆட்டலிலும் காற்று உள்ளே போகிறது. 30 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். குறைவாகத் தெரியும். ஆனால் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு 4 எலக்ட்ரான் வாங்கும், ஒரு சாய மூலக்கூறு 2 தான். மேலே சொன்ன அளவில் கணக்குப் போட்டால், குழாயில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மொத்தச் சாயத்தைவிட 15 மடங்குக்கும் மேல் எலக்ட்ரானை விழுங்கும். அது தீர்ந்த பிறகுதான் சாயம் வெளுத்து நிற்க முடியும். ஆட்டிக்கொண்டே இருந்தால் தீராது. பீக்கரிலோ கூம்புக் குடுவையிலோ சோதனை செய்தாலும் இதே கதை. காற்று படும் பரப்பு அதிகம். ஒடுங்கிய டெஸ்ட் டியூபுக்கு மாறுங்கள்.

பிறகு சர்க்கரை. வீட்டுச் சர்க்கரையும் குளுக்கோஸும் சரிதான். பால் சர்க்கரையான லாக்டோஸை ரொட்டி ஈஸ்ட்டால் உடைக்க முடியாது. பாட்டில் மாறியிருக்கிறதா பாருங்கள். வெல்லம் போட்டாலும் வேலை செய்யும், ஆனால் பழுப்பு நிறத்தில் எது வெளுத்தது எது வெளுக்கவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது.

### அதுவும் சரி என்றால்: அது மெத்திலீன் புளூதானா?

ஒருமுறை ஒரு வகுப்பு முழுக்க நீலமாகவே நின்றது. விசாரித்ததில், சாயம் தீர்ந்துபோனதால் யாரோ வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்துப் பாட்டிலில் நிரப்பியிருந்தார்கள். நிறம் அச்சு அசல் அதேதான். ஆனால் பழைய பாணி நீலப் பொடி ஒரு தாதுப்பொருள். எலக்ட்ரானை வாங்குவதும் கொடுப்பதும் அதன் தொழில் இல்லை. பத்து நாள் வைத்தாலும் நீலம்தான். ஃபில்டர் பேப்பரில் வடிகட்டிப் பாருங்கள்: பொடி தாளில் தங்கிவிடும், மெத்திலீன் புளூ கரைசல் நீலமாகவே கீழே இறங்கும்.

கரைகிற வேறு சாயமோ மையோ என்று சந்தேகம் இருந்தால் ஈஸ்ட் இல்லாமலே சோதிக்கலாம். குளுக்கோஸ் கரைசலில் கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு, அதில் இரண்டு சொட்டு சாயம். அசல் மெத்திலீன் புளூ என்றால் சும்மா நிற்கும்போது வெளுக்கும், குலுக்கினால் நீலமாகும். காரம் கையைப் பொத்துவிடும். இதை வேதியியல் ஆசிரியர் செய்யட்டும், மாணவர்கள் தள்ளி நின்று பார்க்கட்டும்.

மீன் தொட்டிக் கடைகளில் பூஞ்சை நோய்க்கு விற்கும் மெத்திலீன் புளூ அவசரத்துக்கு உதவும். லேபிளைப் படித்து வாங்குங்கள். வேறு சாயமோ மருந்தோ கலந்த பாட்டில்களும் அதே அலமாரியில் இருக்கும்.

## அறிகுறி 2: கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் வெளுத்துவிடுகிறது

குலுக்குங்கள். நீலம் திரும்பினால் ஈஸ்ட் அதிகம் அல்லது சாயம் குறைவு. ஈஸ்ட் கலவையைப் பாதியாக நீர்த்துவிட்டு மறுபடி செய்யுங்கள், முடிந்தது.

திரும்பவில்லை என்றால், குழாயை எதில் கழுவினார்கள்? பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்துச் சரியாக அலசாத குழாய் சாயத்தைச் சிதைத்துவிடும். அங்கே நடப்பது எலக்ட்ரான் ஏறுவது இல்லை, நேரெதிர். வெறும் நீரும் சாயமும் மட்டும் அந்தக் குழாயில் ஊற்றிப் பாருங்கள். ஈஸ்ட் இல்லாமலே வெளுத்தால் குற்றவாளி குழாய்தான்.

மூன்றாவது காரணம் கண்ணில் படாதது: வைட்டமின் சி சேர்த்த குளுக்கோஸ் பொடி. வைட்டமின் சி தானாகவே சாயத்துக்கு எலக்ட்ரான் கொடுக்கும், உயிருள்ள செல் எதுவும் தேவையில்லை. பொடியும் சாயமும் மட்டும் கலந்து ஒரு குழாய் வைத்தால் தெரிந்துவிடும். ஆய்வகக் குளுக்கோஸ் இல்லாவிட்டால் சமையலறைச் சர்க்கரையே மேல்.

## அறிகுறி 3: உடல் முழுக்க வெளுப்பு, கழுத்தில் மட்டும் நீல வளையம்

கோளாறு இல்லை. மேற்பரப்பில் காற்றிலிருந்து ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அங்கே வெளுத்த சாயம் உடனுக்குடன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு நீலமாகிறது. ஒரு நல்ல ஆசிரியர் இந்த வளையத்துக்குத்தான் மதிப்பெண் போடுவார் என்று நினைக்கிறேன்.

வளையம் நேரக் கணக்கைக் குழப்பினால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாராஃபின் கொஞ்சம் மேலே மிதக்கவிடுங்கள். தேங்காய் எண்ணெயும் பரவாயில்லை, மார்கழிக் காலையில் உறைந்து நிற்கும் என்பதைத் தவிர. காற்றை முழுதாக வெளியேற்ற வேண்டும் என்றால் துன்பெர்க் குழாய் என்று ஒன்று உண்டு. சுவீடன் நாட்டு உடலியலாளர் டார்ஸ்டன் துன்பெர்க் இதே மெத்திலீன் புளூவை வைத்துத்தான் திசுக்கள் எலக்ட்ரானைக் கழற்றுவதை ஆராய்ந்தார். பள்ளி ஆய்வகத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

## அறிகுறி 4: வெளுத்தது, எடுத்துவரும் வழியில் நீலமாகிவிட்டது

கோளாறு உங்கள் நடையில். குழாய் குலுங்கியது, காற்று கலந்தது. ஸ்டாண்டில் வையுங்கள், மறுபடி வெளுக்கும். ஒரே குழாயில் இதைப் பலமுறை செய்து காட்டலாம்.

திரும்பி வரும் நிறத்தைப் பார்த்துச் சோர்ந்துபோகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கேம்பிரிட்ஜில் டேவிட் கெய்லின் இதையேதான் சாயம் இல்லாமல் பார்த்தார். ஈஸ்ட் கலவையை நிறமாலைக்காட்டி வழியே பார்த்தபோது கருமையான பட்டைகள் தெரிந்தன. காற்றோடு குலுக்கினால் மறைந்தன. சும்மா விட்டால் திரும்பி வந்தன. எலக்ட்ரான் ஏறுவதையும் இறங்குவதையும் அவர் நேரில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொருட்களுக்கு சைட்டோகுரோம் என்று பெயர் வைத்து 1925இல் வெளியிட்டார். உங்கள் குழாயில் நீலம் போய் வருவதும் அந்த விளையாட்டின் உறவுதான்.

மறுபடி வெளுக்கும் நேரம் ஒவ்வொரு சுற்றுக்கும் நீண்டுகொண்டே போனால் சர்க்கரை தீர்கிறது அல்லது குழாய் ஆறிவிட்டது. முதலில் வெப்பமானியைப் பாருங்கள், பிறகு சர்க்கரையைச் சேருங்கள்.

## அறிகுறி 5: கொதிக்கவைத்த கன்ட்ரோலும் வெளுத்துவிட்டது

மாணவர்கள் மறைக்கிற அறிகுறி இதுதான், அதனாலேயே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

### மேலே தெளிவு, அடியில் நீல வண்டல்

மிகப் பொதுவானது. செத்த செல்கள் சாயத்தை உறிஞ்சிக்கொண்டு அடியில் படிந்துவிட்டன. சாயம் வெளுக்கவில்லை, இடம் மாறியிருக்கிறது. மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் முழுதும் நீலமாகும். கன்ட்ரோல் சரியாகவே இருக்கிறது. அடுத்த முறை ஒரே நேரத்தில் எல்லாக் குழாய்களையும் கவிழ்த்து ஒப்பிடுங்கள். பயந்துபோய்க் கடன் வாங்கிய குழாய்களில் பாதி இந்த ரகம்.

### வண்டல் இல்லை, உண்மையாகவே வெளுத்திருக்கிறது

கொதி போதவில்லை. ஸ்பிரிட் விளக்கில் குழாயின் அடி மட்டும் குமிழ் விட்டால் "கொதிச்சாச்சு சார்" என்று இறக்கிவிடுவார்கள். மேல்பகுதி செல்கள் உயிரோடு இருக்கும். கொதிக்கும் நீர் உள்ள பீக்கரில் குழாயை நிறுத்தி, உள்ளே இருக்கும் கலவையின் மட்டம் வெளி நீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி 10 நிமிடம் வையுங்கள். ஆறிய பிறகு சாயம் சேருங்கள். உயிருள்ள கலவையை அள்ளிய அதே பிப்பெட்டால் இதையும் அள்ளினால் உழைப்பு வீண்.

### அன்று நீலம், மறுநாள் காலை வெளுப்பு

பாக்டீரியா வந்துவிட்டது. அவற்றுக்கும் எலக்ட்ரான் கடத்திகள் உண்டு, சர்க்கரை நீர் திறந்து கிடந்தால் விடுமா? இந்தத் தொல்லையையே பால் பரிசோதனைக் கூடங்கள் வேலைக்கு வைத்திருக்கின்றன: 10 மி.லி. பாலில் 1 மி.லி. மெத்திலீன் புளூ, 37 டிகிரி. அரை மணிக்குள் வெளுத்தால் பாலில் கிருமி மிக அதிகம். 5 மணி நேரம் தாண்டி நீலம் நின்றால் மிக நல்ல பால். ஆக உங்கள் கன்ட்ரோலுக்கும் ஆயுள் ஒரு வகுப்பு நேரம்தான். அன்றே குறித்துவிட்டுக் கொட்டிவிடுங்கள்.

சன்னல் வெயிலில் ஸ்டாண்டை வைப்பதும் கூடாது. வெளிச்சம் இந்தச் சாயத்தின் மேல் தனியாக வேலை செய்யும்.

## அறிகுறி 6: ஒரே கலவை, மூன்று குழாய், மூன்று நேரம்

ஈஸ்ட் கனமானது, ஊற்றும் இடைவெளியில் பீக்கரின் அடிக்குப் போய்விடும். முதல் குழாய்க்கு நீர், கடைசிக் குழாய்க்குக் குழம்பு என்று பிரிந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை அள்ளுவதற்கு முன்னும் கலக்குங்கள். பாதிப் புகார் இதிலேயே தீரும்.

மீதியில் பெரும்பங்கு கண்ணுடையது. ஒருவருக்கு "வெளுத்தது" இன்னொருவருக்கு "லேசான நீலம்". சாயமே போடாத ஈஸ்ட் குழாய் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி, பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, அந்த நிறம் வந்ததும் கடிகாரத்தை நிறுத்துங்கள். மூன்று குழாயையும் ஒரே ஆள் பார்க்கட்டும்.

அதன் பிறகும் சிதறினால் வெப்பம். சாயம் சேர்ப்பதற்கு முன் குழாய்கள் 5 நிமிடமாவது நீரில் நின்றிருக்க வேண்டும். வாட்டர் பாத்தின் டயல் சொல்வதை நம்பாமல் வெப்பமானியை நான்கு மூலையிலும் நனைத்துப் பாருங்கள். 60 டிகிரியில் வைத்த குழாய் வெளுக்கவில்லை என்று யாராவது சொன்னால் அது கோளாறு இல்லை, முடிவு.

## அறிகுறி 7: சக்சினேட் சேர்த்தும் வேகம் கூடவில்லை

மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சர்க்கரைத் துண்டுகளிலிருந்து எலக்ட்ரானைக் கழற்றும் கிரப்ஸ் சுழற்சியைப் படித்த உற்சாகத்தில் இதைச் செய்கிறவர்கள் உண்டு. அந்தச் சுழற்சியில் வரும் சக்சினேட்டிலிருந்து எலக்ட்ரான் எஃப்ஏடி என்ற கடத்திக்குப் போகும் என்பது சரி. ஆனால் முழு ஈஸ்ட் செல்லின் சவ்வு சக்சினேட்டை எளிதில் உள்ளே விடாது. மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்துக் குளிர்ச்சியில் வைத்துச் செய்ய வேண்டிய சோதனை அது. கல்லூரியில் பார்த்துக்கொள்ளலாம், இங்கே விட்டுவிடுங்கள்.

## அறிகுறி 8: குழாய் சரி, ரெக்கார்டு நோட்டு தப்பு

உண்மையான கோளாறு பெரும்பாலும் இங்கேதான். சிவப்பு மையில் நான் திரும்பத் திரும்ப அடித்த வரிகள் இவை.

### "ஆக்சிஜன் தீர்ந்ததால் சாயம் நிறத்தை இழந்தது"

பாதி சரி. ஆக்சிஜன் இல்லாமல் போனது சாயத்துக்கு வழிவிட்டது. நிறத்தை எடுத்தது எலக்ட்ரான். வெறும் நீரில் ஆக்சிஜனை நீக்கினால் சாயம் நீலமாகவே நிற்கும். கொதித்து ஆறிய நீரில் சாயம் போட்டு மாணவர் கண் முன்னால் வையுங்கள், வாதம் முடிந்துவிடும்.

### "கார்பன் டை ஆக்சைடு சாயத்தை வெளுக்கச் செய்தது"

ஸ்ட்ரா வழியாக நீர்த்த சாயக் கரைசலில் ஊதச் சொல்லுங்கள், உறிஞ்சிவிட வேண்டாம் என்று இரண்டு தடவை எச்சரித்துவிட்டு. நீலம் அசையாது.

### "என்ஏடிஹெச் தீர்ந்துவிடும்"

சட்டி மேலே போனால் காலிச் சட்டி கீழே வர வேண்டாமா? எலக்ட்ரானைச் சுமக்கும் கடத்தியான என்ஏடி செல்லில் கொஞ்சம்தான் இருக்கிறது. திரும்பத் திரும்பப் பயன்படுவதால்தான் பிழைப்பு ஓடுகிறது. குளுக்கோஸிலிருந்து இரண்டு எலக்ட்ரானும் ஒரு புரோட்டானும் ஏறினால் என்ஏடிஹெச். இறக்கிவிட்டால் மறுபடி என்ஏடி. ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் 1906இல் ஈஸ்ட் சாற்றை வடிகட்டி இரண்டாகப் பிரித்தபோது, இரண்டு பாதியும் தனித்தனியாக வேலை செய்யவில்லை. சேர்த்ததும் நொதித்தல் தொடங்கியது. வடிகட்டி வழியே இறங்கிய, கொதிக்கவைத்தாலும் கெடாத அந்தச் சின்னப் பொருட்களில் ஒன்றுதான் பின்னால் என்ஏடி என்று அடையாளம் காணப்பட்டது. நொதியின் பட்டியலில் என்ஏடியை எழுதுகிறவர்களுக்கும் இதே பதில்: கொதித்தால் நொதி சாகும், இது சாகவில்லை.

### "ஆக்சிஜன் இல்லாததால் ஈஸ்ட் சுவாசத்தை நிறுத்தியது, ஆகவே எலக்ட்ரான் வரவில்லை"

அப்படியானால் மூடிய குழாயில் சாயம் எப்படி வெளுத்தது? ஆக்சிஜன் போனாலும் சர்க்கரையை உடைக்கும் முதல் கட்டமான கிளைக்காலைசிஸ் நிற்காது. சட்டிகளைக் காலி செய்ய ஈஸ்ட் வேறு ஆளைப் பிடிக்கிறது: அசிட்டால்டிஹைடு எலக்ட்ரானை வாங்கி எத்தனால் ஆகிறது. சர்க்கரை தாராளமாக இருந்தால் ஆக்சிஜன் இருக்கும்போதே ரொட்டி ஈஸ்ட் இந்தக் குறுக்குவழியில் இறங்கிவிடும். சாயம் இந்த வரிசையிலும் கை நீட்டும். ஆகவே "மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியை மட்டும் இந்தச் சோதனை காட்டுகிறது" என்று எழுதாதீர்கள்.

### பாடநூல் படத்தை அப்படியே ஈஸ்ட்டுக்கு வரைவது

நன்றாகப் படிக்கிற மாணவர்கள் சறுக்கும் இடம். பாடநூல் படத்தில் என்ஏடிஹெச் சங்கிலியின் முதல் புரதக் கூட்டமைப்பில் எலக்ட்ரானை இறக்கும், அங்கே புரோட்டான் வெளியே தள்ளப்படும். மனிதச் செல்லுக்கு அது சரி. ரொட்டி ஈஸ்ட்டுக்கு அந்த முதல் கூட்டமைப்பே கிடையாது! அதற்குப் பதில், புரோட்டானைத் தள்ளாத எளிய நொதிகள் என்ஏடிஹெச்சிடமிருந்து எலக்ட்ரானை வாங்கி யுபிகுயினோன் என்ற அடுத்த கடத்தியிடம் கொடுக்கின்றன. உட்சவ்வின் உள்பக்கம் பார்த்தபடி ஒன்று, வெளிப்பக்கம் பார்த்தபடி இரண்டு. அதன் பிறகு மூன்றாம் கூட்டமைப்பு, சைட்டோகுரோம் சி, நான்காம் கூட்டமைப்பு, ஆக்சிஜன் என்று படம் ஒத்துப்போகும். எனவே ஒரு என்ஏடிஹெச்சுக்கு செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி 2.5 (பழைய நூல்களில் 3) என்ற கணக்கை ஈஸ்ட் ரெக்கார்டில் எழுத வேண்டாம். 

### "சாயம் ஏன் நடுவில் பறிக்க முடிகிறது?" என்ற வாய்மொழிக் கேள்விக்கு மௌனம்

எண்ணில் சொல்லிவிடலாம். எலக்ட்ரானை இழுக்கும் வலிமையை மின்னழுத்தமாகச் சொன்னால், என்ஏடியுடையது −0.32 வோல்ட், ஆக்சிஜனுடையது +0.82, மெத்திலீன் புளூவுடையது ஏறத்தாழ +0.01. எலக்ட்ரான் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் நீர் மாதிரி எதிர்க்குறியிலிருந்து நேர்க்குறிப் பக்கம் இறங்கும். சாயம் நடுப்படியில் நிற்கிறது: மேலிருந்து வாங்கவும் முடியும், கீழே ஆக்சிஜனிடம் கொடுக்கவும் முடியும். கழுத்தில் நின்ற வளையத்துக்கும், குலுக்கினால் திரும்பிய நீலத்துக்கும் விளக்கம் இந்த மூன்று எண்களில் இருக்கிறது. விதை முளைப்புத்திறன் பார்க்கும் டெட்ராசோலியம் உப்பு எலக்ட்ரான் வாங்கினால் சிவக்கும், குலுக்கினாலும் சிவப்பு போகாது. பச்சைப்பயறை ஊறவைத்துப் பிளந்து அதில் போட்டுப் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கேட்காமலே விளங்கும்.

## எப்போது கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்

வாட்டர் பாத்தின் வெப்பம் நாலைந்து டிகிரி ஏறி இறங்கினால், அல்லது கருவியின் உடலைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடித்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கருவி பழுது பார்க்கிறவரைக் கூப்பிடுங்கள். தெர்மோஸ்டாட்டை நீங்களே திருகாதீர்கள். அதுவரை பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீரும் வெப்பமானியும் போதும்.

லேபிள் கிழிந்த நீலப் பாட்டில் எதுவானாலும் வேதியியல் ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். ஸ்டாக் கரைசல் ஆண்டுக்கணக்கில் பழையது, அடியில் படிவு கட்டியிருக்கிறது என்றால் புதிது வாங்குவதுதான் வழி. இந்தச் சோதனையில் செலவு பிடிக்கிற பழுது அது ஒன்றுதான், அதுவும் பெரிய தொகை இல்லை.

சங்கிலியைத் தடுத்துக் காட்டலாமே என்று சயனைடு, அசைடு பக்கம் யாராவது பேச்செடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். அவை ஈஸ்ட்டின் நான்காம் கூட்டமைப்பையும் உங்களுடையதையும் வித்தியாசம் பார்க்காது.

சாயம் கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். யாராவது விழுங்கிவிட்டால் உடனே போக வேண்டும், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு. மெத்திலீன் புளூ மருந்தும்தான். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்தீமோகுளோபின் கூடினால் மருத்துவர்கள் இதையே ஊசியில் ஏற்றுவார்கள். அங்கேயும் எலக்ட்ரானை வாங்கிக் கைமாற்றித்தான் வேலை செய்கிறது. ஆனால் ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடலாம், ஆகவே குடும்பத்தில் அப்படி யாருக்காவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

விரல் நீலமாகிவிட்டது என்ற புகாருக்கு மட்டும் யாரையும் கூப்பிட வேண்டாம். சோப்பும் இரண்டு நாளும் போதும்.